பாளை எப்சிபா சொன்ன பேண்டு

ஜூன் 8, சனி

இன்று கல்லூரி வானொலியில் நேயர் தினம். ‘புதுச்சத்தம்’ நிகழ்ச்சியின் நேயர்கள் இருபது பேர் போயிருந்தோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரும் நிகழ்ச்சி அது. சினிமாப் பாட்டு ஒன்றுகூட வராது. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, பத்துப் பேருக்கு முன்னால் பாடிக்கொண்டிருக்கும் பேண்டுகளின் பாட்டுகள் மட்டும்தான். ஒரு புது பேண்டை முதலில் யார் சொன்னார்களோ, அவர்கள் பெயரை ஊரோடு சேர்த்து அறிவித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். களக்காடு கணபதி சார் பெயர் பலமுறை வந்துவிட்டது. என் பெயர் இன்னும் வரவில்லை. வந்தால் ‘பாளை எப்சிபா’ என்று வரும். சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஊரில் என் பெயரைப் பார்க்காதவர்கள் இல்லை. அப்பாவின் மைக் செட் கடைக்கு ‘எப்சிபா சவுண்ட் சர்வீஸ்’ என்று பெயர். குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் நான்தான். கல்யாணம், சடங்கு, எழவு என்று பாளையங்கோட்டையில் நான் தொங்காத வாசல் இல்லை. ஆனால் அது வேறு.

‘புதுச்சத்தம்’ நடத்தும் ஆர்.ஜே. நிரூபனை, ஸ்டூடியோக் கண்ணாடிக்கு வெளியே நின்று, முதல்முறையாக நேரில் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்து அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அவருடைய ‘ழ’ உச்சரிப்பைப் பற்றி நடுநிலையாக எழுத முயல்கிறேன்: குறையே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஷிஃபானாவோடு சண்டை. அவள் என் வகுப்புத் தோழி, மேலப்பாளையம். அதே வானொலியில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போடும் கோமதி அக்காவின் கட்சி.

“நிரூபன் பாட்டப் போட்டுட்டு வெளிய போயி போன் பேசிட்டு நிக்காருட்டி. கடைசிப் பத்து செகண்டுக்கு ஓடி வாராரு. ஹெட்போன மாட்டிட்டு, ‘மனசை உலுக்கிடுச்சு’ங்காரு. எங்க வச்சு உலுக்குச்சாம்? காரிடார்லயா?”

“ஏற்கெனவே நூறு தடவ கேட்டிருப்பாரு.”

“கோமதி அக்கா கண்ண மூடி முழுசாக் கேப்பா. பாட்டு மேல ஒரு வார்த்த பேச மாட்டா.”

“அவங்க பேசுனா நமக்குத் தூக்கம்லா வரும்.”

“ஏட்டி, நெசமாச் சொல்லு. நீ கேக்கது பாட்டயா, அவரயா?”

இதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்று அனுப்பிவிட்டேன்.

மே மாதம் தூத்துக்குடி பக்கம் சித்தி ஊருக்குப் போனபோது அவர்கள் கோயிலில் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். சாப்பாடு முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து நான்கு அண்ணன்கள் வந்து வாசித்தார்கள். பேண்டின் பெயர் ‘மூணாம் கேட்’. அவர்கள் வீடெல்லாம் மூன்றாவது ரயில்வே கேட் பக்கமாம். கீர்த்தனை பாடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர்கள் துறைமுகத்தில் சுமை தூக்குகிற ஒருவன் தன் முதுகோடு பேசுவதாக ஒரு பாட்டுப் பாடினார்கள். சித்தி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் போகவில்லை.

அந்தப் பாட்டை செல்போனில் பதிவு செய்திருந்தேன். பாடுகிற ஜெரால்டு அண்ணனிடம் கேட்டபோது, “தாராளமா அனுப்பு தங்கச்சி” என்றார். அதை நிகழ்ச்சியின் எண்ணுக்கு அனுப்பி, கூடவே என் குரலிலும் ஒரு பதிவு அனுப்பினேன். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்த வாக்கியங்கள் அவை. முக்கியமானவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்:

‘ஒரு உப்பு லாரி தனியாகப் போகும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். இந்தப் பாடகர் உச்சத்துக்குப் போவதில்லை. உச்சத்தின் வாசல்வரை போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுகிறார். கை கழுவியும் கறிக்குழம்பு வாசனை போகாத கையோடு நின்று இதைக் கேட்டேன்.’

செருப்பு வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு நீல டிக். பள்ளி திறந்துவிட்டது. பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டேன்.

ஜூன் 15, சனி

அம்மாவையும் அப்பாவையும் ரேடியோ பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்பா கடையைக்கூட சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார்.

ஆறு பத்துக்கு மூணாம் கேட் வந்தது. பாட்டுக்கு முன்னால் அவர் பேசினார். “நேயர்களே, போன மாசம் தூத்துக்குடி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்க ஒரு அசனம். கை கழுவியும் கறிக்குழம்பு வாசனை போகாத கையோட நின்னுட்டிருக்கேன்…”

உப்பு லாரி வந்தது. வாசல் வந்தது. செருப்பும் வந்தது. பிறகு, “இது முழுக்க முழுக்க உங்கள் நிரூபனின் கண்டுபிடிப்பு” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். “ஒம் பேரு எப்பம்மா வரும்?”

“பாட்டு முடிஞ்சு வரும்” என்றேன்.

வரவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கடையைத் திறக்கப் போனார்.

ஷிஃபானா போன் செய்தாள். “ஏட்டி, அவன் சைவம்லா! போன வாரம்தான முட்டகூடத் தின்ன மாட்டேன்னான்? அவன் கையில எப்பிடிட்டி கறிக்குழம்பு மணக்கும்?”

அவள் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். எனக்குத் தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு

நேயர்களின் வாட்ஸ்அப் குழுவில், நான் அனுப்பிய குரல் பதிவைப் போட்டு, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டேன். நிரூபன் அடுத்த நிமிடமே பதில் போட்டான். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. யார் கண்டுபிடிச்சா என்ன? இசை ஜெயிக்கட்டும்.’ கூடவே கும்பிடும் கை. என் பதிவை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கணபதி சாரும் திறக்காமலேயே எழுதினார்: ‘பாப்பா, ரசிகர்கள் ஒரே மாதிரி யோசிப்பது சகஜம். பெருந்தன்மை பழகு.’

அதற்குள் வேறு சண்டை வந்து என் பதிவு மேலே போய்விட்டது. பாட்டின் முன்னிசை மேல் ஆர்.ஜே. பேசலாமா கூடாதா என்ற அதே பழைய சண்டை.

கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். நல்ல பிரசங்கம். குறை ஒன்றும் இல்லை. நான் கோபமாக இல்லை. நியாயம் வேறு, கோபம் வேறு.

ஜூன் 18, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. கணக்கு வகுப்பில் கிடைத்தது.

அவன் எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்பதில்லை. தொடக்கத்தைக் கேட்பான், பிடித்தால் எடுத்து வைப்பான். ஒலிபரப்பும்போதும் காரிடாருக்குப் போய்விடுவான். கடைசியில்தான் வருவான். அப்படியானால் ஒரு பாட்டின் நடுப்பகுதி ஊருக்கு முழுவதும் கேட்கும், அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்காது.

ஷிஃபானாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது தப்பில்லையாட்டி?”

“அவன் சொன்னத அவனுக்கே போட்டுக் காட்டுதது எப்பிடித் தப்பாகும்?”

“அவனுக்கு எங்க காட்டுத? ஊருக்குல்லா காட்டுத.”

யோசித்துப் பார்த்தேன். ஆமாம்.

ஜூன் 22, சனி

அப்பாவின் குடோனில் வேலை நடக்கிறது. புது பேண்டுக்கு ‘ஈர விறகு’ என்று பெயர் வைத்தோம். அம்பாசமுத்திரம் பேண்டு. மழைச் சத்தத்தில் தொடங்கும் பாட்டு எதுவாக இருந்தாலும் அவன் போட்டுவிடுவான் என்பது எல்லா நேயருக்கும் தெரியும். மழை கிடைக்கவில்லை. சொளகில் அரிசியைச் சரித்துச் சரித்து மழை செய்தோம். நான் கீபோர்டு, ஷிஃபானா வாளி. ஒரு நிமிடம் உண்மையாகவே நன்றாக வந்திருக்கிறது. இதை வீணாக்க வேண்டுமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு நிமிடத்துக்குப் பிறகு இசை நிற்கும். என் குரல் ஒரு வாக்கியம். பிறகு அதே வாக்கியம், ரேடியோவில் பதிவு செய்த அவன் குரலில். மறுபடி நான். மறுபடி அவன். கடைசியில் ‘இது முழுக்க முழுக்க உங்கள் நிரூபனின் கண்டுபிடிப்பு’. அதன் பிறகு மழையும் கீபோர்டும் திரும்ப வரும், அவன் காரிடாரிலிருந்து வந்து ஹெட்போனை மாட்டும் நேரத்துக்குச் சரியாக.

வெட்டி ஒட்டுவதற்காக அவன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. வேலைக்காக மட்டும்தான்.

அப்பா எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளையளா, அரிசிய வச்சு விளையாடுதிய?”

“ஸ்கூல் புராஜெக்ட்டுப்பா.”

“சரி சரி. அரிசிய அள்ளி வச்சிட்டுப் போங்க. எலி வந்துரும்.”

ஜூன் 26, புதன்

ஷிஃபானா அவள் உம்மாவின் போனிலிருந்து அனுப்பினாள். பாட்டு நான்கு நிமிடம். ஒரு நிமிடம் ஆவதற்குள் பதில் வந்துவிட்டது: ‘என்ன ஒரு சூழல்! முழுசா கேட்டேன். மனசை உலுக்கிடுச்சு. இந்த சனிக்கிழமை போடறேன்.’

அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

அடுத்த வாரம், ஜூலை ஆறாம் தேதி, மூணாம் கேட் வானொலி நிலையத்துக்கே வந்து நேரலையில் வாசிக்கிறார்கள் என்று அறிவிப்பு. ‘நிரூபன் கண்டெடுத்த முத்து’ என்று போட்டிருக்கிறான். ஷிஃபானா கேட்டாள்: “அது முடிஞ்ச பொறவு வச்சிக்கிடலாமாட்டி?”

முடியாது என்றேன். காரணம் கேட்டாள். ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றேன். அது ஒரு காரணம்தான்.

ஜூன் 29, சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

“அம்பாசமுத்திரத்திலிருந்து ஈர விறகு! கண்ணை மூடிட்டுக் கேளுங்க” என்றான். மழை பெய்தது. என் கீபோர்டு. ஷிஃபானாவின் வாளி. அப்புறம் நிசப்தம். அப்புறம் நான்.

ரேடியோவில் என் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது. உப்பு லாரி, நான். உப்பு லாரி, அவன். செருப்பு, நான். செருப்பு, அவன். அடுக்களையில் இருந்த அம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். மழை மீண்டும் பெய்து ஓய்ந்தது.

அவன் வந்தான். மூச்சு வாங்கியது.

“அடடா! நேயர்களே, மெசேஜ் கொட்டுது இங்க. எனக்குத் தெரியும், இந்தப் பாட்டு உங்களை இப்படிப் பண்ணும்னு. இந்தப் பசங்களை ரெண்டு வருஷமா ஃபாலோ பண்றேன். ரெக்கார்டிங்லயே கூட இருந்தேன். இதுல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் என் வார்த்தைன்னே சொல்லலாம்.”

நான் இதைத் திட்டமிடவில்லை. கனவில்கூட இந்த அளவுக்குக் கேட்டிருக்க மாட்டேன்.

“இதோ களக்காடு கணபதி சார் எழுதறார். ‘தம்பி, அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் நீங்க அன்னைக்கு அப்படியே…’”

நின்றுவிட்டான். நாற்காலி நகரும் சத்தம். யாரோ “ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு” என்றார்கள். உடனே கொசு ஒழிப்பு விளம்பரம். அது முடிந்ததும் மறுபடி அதே விளம்பரம். ஏழு மணி வரை கொசுதான்.

அம்மா கேட்டாள். “அது ஓங் கொரலுதான?”

“ஆமா.”

“கொழம்பு அடிபிடிச்சிட்டு” என்று உள்ளே ஓடினாள். அப்பா மட்டும், “சவுண்டு சுத்தமா இருந்துச்சும்மா” என்றார். அவர் அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

குழுவில் முந்நூறு செய்தி. கணபதி சார் எனக்குத் தனியாக எழுதினார்: ‘மன்னிக்கணும் எப்சிபா.’ பாப்பா போய்விட்டது.

ஜூன் 30, ஞாயிறு

நிரூபன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். வெளியேறினான் என்று காட்டும் அந்த ஒற்றை வரியைப் பலமுறை பார்த்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

கல்லூரி நிர்வாகம் ‘புதுச்சத்தம்’ நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. கோமதி அக்கா எவ்வளவோ பேசிப் பார்த்தாராம். கட்டுப்பாடில்லாத நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதலாம். எதிர்பார்த்திருக்க முடியாது என்று எழுத முடியாது.

ஜூலை 3, புதன்

ஜெரால்டு அண்ணன் போன் செய்தார். பின்னால் துறைமுகத்துச் சத்தம்.

“தங்கச்சி, சனிக்கெழம வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீதான் ஏதோ செஞ்சியாம்லா?”

நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்த ஆள் என் கண்டுபிடிப்பைத் திருடினான் என்றேன்.

அவர் மெல்லக் கேட்டார். “கண்டுபிடிச்சியா? நாங்க என்ன காணாமலா போயிருந்தோம்? ஆறு வருசமா வாசிக்கோம் தங்கச்சி.”

“இல்லண்ணே, நான் சொல்ல வந்தது…”

“லீவு போட்டாச்சு. பேஸ் கிதாருக்குப் புதுக் கம்பி மாத்தியாச்சு. எங்கம்மா தெரு பூரா சொல்லி வச்சிருக்கா, பிள்ள ரேடியோல பாடப் போறான்னு. இப்ப அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?”

“ஒங்களுக்காகவுந்தான்ணே செஞ்சேன்.”

“எங்களுக்காகவா? நானும் அதக் கேட்டேன். ஒரு பய அனுப்புனான். அதுல எங்க பேரு எங்கன வருது?”

போனை வைத்த பிறகு நான்கு நிமிடத்தையும் போட்டுக் கேட்டேன். என் குரல் இருந்தது. அவன் குரல் இருந்தது. அரிசி இருந்தது. நீளம் கூடுகிறது என்று பேண்டின் பெயர் வரும் இடத்தை நான் வெட்டியிருந்தேன். அவன் பேச்சில் அந்தப் பெயர் மூன்று இடத்தில் வந்தது. மூன்றையும் வெட்டியிருந்தேன்.

வெட்டியது நியாயமான காரணத்துக்காகத்தான்.

ஜூலை 6, சனி

ஷிஃபானா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு மணிக்குப் பழக்கத்தில் ரேடியோவைப் போட்டோம். ‘வாழையில் வாடல் நோய்: தடுக்கும் முறைகள்’.

“நல்லாக் கேளுட்டி” என்றாள் ஷிஃபானா. “நீ ஜெயிச்சதுக்குப் பரிசு.”

“நீயுந்தான வாளி தட்டுன?”

“தட்டுனேன். இப்பக் கை வலிக்கி.”

ஒரு விவசாயி போன் போட்டுச் சந்தேகம் கேட்டார். அவர் பெயரை ஊரோடு சேர்த்து அறிவித்தார்கள். ஷிஃபானாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ரேடியோவை அவள்தான் அணைத்தாள். போகும்போது வாசலில் நின்று, “ஜெரால்டு அண்ணன்ட்ட ஒரு வார்த்த சாரின்னு சொல்லிரேன்” என்றாள்.

நான் தப்புச் செய்யவில்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டினாள். வழக்கமாகத் தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டுவாள்.

ஜூலை 10, புதன்

நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரு பார்சல், ஆம்பிளிஃபயர் சாமான். புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் யாரோ போனில் பேசினார்கள். திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.

அவர்தான். தாடி வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தார். வண்டியில்தானே போவார், பஸ்ஸுக்கு ஏன் வந்தார் என்று நினைத்தேன். தோளில் பெரிய பை, காதில் போன்.

“இல்ல ஜெரால்டு, வந்துட்டே இருக்கேன். ரேடியோ போனா போகட்டும். கேமரா கொண்டுவர்றேன். மூணாம் கேட்லயே, தண்டவாளத்துக்குப் பக்கத்துல வச்சு எடுப்போம். என் சேனல்ல போடுவோம். அம்மாவையும் வரச் சொல்லுங்க, அவங்களையும் ஃப்ரேம்ல வைக்கலாம்… ச்சே, அதெல்லாம் விடுங்க, நடந்தது நடந்துபோச்சு.”

ஜெரால்டு அண்ணன் மறுபுறம் சிரிக்கும் சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் காத்திருந்தேன். நேயர் தினத்தில் அவர் எதிரில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பாரா, திட்டுவாரா என்று யோசித்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாயைத் திறந்தால் போதும், குரல் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

“ஏம்மா, தூத்துக்குடி பஸ் எதும்மா?”

“தூத்துக்குடிக்கா?” என்றேன். தெளிவாக, மெதுவாக, ரேடியோவில் வந்த அதே குரலில். அவர் முகத்தையே பார்த்தேன்.

“ஆமாம்மா. கொஞ்சம் சீக்கிரம்.”

ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் அன்றைக்குப் பிறகும்கூட அவர் அந்த நான்கு நிமிடத்தைக் கேட்கவில்லை.

நான் பார்சல் வாங்கிய பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகை முன்னால் இருந்தது. நாங்கள் பின்வாசல் பக்கம் நின்றிருந்தோம். அது ‘எண்ட் டு எண்ட்’ பஸ். வழியில் எங்கும் நிற்காது. டிக்கெட் பைபாஸ் தாண்டித்தான் போடுவார்கள்.

“இதுதாண்ணே. ஏறுங்க, இப்ப எடுத்துருவான்.”

“தேங்க்ஸ்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் வெளியே போகும்வரை நின்று பார்த்தேன்.

இனி அது நாகர்கோவிலில்தான் நிற்கும்.